வீட்டு ஸ்பீக்கரின் பேஸைச் சோதிக்க எந்தப் பதிவுகளைத் தெரிவு செய்வது?

சில ஆண்டுகளுக்கு முன்பு திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு கடையில் ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கினேன். விற்பனையாளர் போட்டுக் காட்டிய பாடலில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, நெஞ்சில் வந்து இடித்தது. அதைக் கேட்டு மயங்கி, வேறெதையும் போட்டுக் கேட்காமலே பணத்தைக் கொடுத்துவிட்டேன். அதே பெட்டிகளை உப்புவெளியில் உள்ள வீட்டுக்குக் கொண்டுவந்து வழக்கமாகக் கேட்கும் பாடல்களைப் போட்டபோது, ஒரு பாடலில் பேஸ் அறை முழுவதும் நிறைந்து பாடகரின் குரலையே மூடியது. அடுத்த பாடலில் பேஸ் கிற்றார் வாசிக்கப்படுவதே தெரியவில்லை. பெட்டிகளில் ஏதோ பழுது என்று பல நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன். கடையில் ஒலித்தது எந்தப் பெட்டியில் போட்டாலும் கம்பீரமாகக் கேட்கும்படி தயாரிக்கப்பட்ட ஒரு பாடல் என்பதும், அப்படிப்பட்ட பாடலால் எந்தப் பெட்டியின் குறையையும் கண்டுபிடிக்க முடியாது என்பதும் பிறகுதான் விளங்கின.

ஆகவே சோதனைப் பதிவு தேடுபவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்: அந்தப் பதிவு ஒரு மோசமான பெட்டியில் மோசமாகக் கேட்க வேண்டும். அதில் எந்த வாத்தியம் ஒலிக்கிறது, அது எவ்வளவு தாழ்ந்த சுரத்தைத் தொடுகிறது, அடி விழுந்த பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பவை நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல், "நன்றாக இருக்கிறது" என்ற உணர்வை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது.

எந்த ஒலி எங்கே இருக்கிறது

மனிதக் காது கேட்கும் ஒலியின் கீழெல்லை சுமார் 20 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 20 அதிர்வுகள். பியானோவின் கடைசி இடப்பக்கக் கட்டை 27.5 ஹேர்ட்ஸ். நான்கு தந்தி பேஸ் கிற்றாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹேர்ட்ஸிலும், அதற்கு மேலுள்ள மூன்று தந்திகள் முறையே 55, 73, 98 ஹேர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. ஐந்து தந்தி உள்ள பேஸ் கிற்றார் 31 ஹேர்ட்ஸ் வரை இறங்கும். ஆண் குரலுக்கு ஒரு கட்டைச் சுருதியில் சேர்த்த தம்புராவின் மந்தர ஸட்ஜம் ஏறத்தாழ 65 ஹேர்ட்ஸ். இந்த எண்களை ஒரு கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்கும் ஒவ்வொன்றையும் இவற்றோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இதில் நம்மை ஏமாற்றும் ஒரு விடயம் உண்டு. கைத்தொலைபேசியின் சிறிய ஸ்பீக்கரால் 41 ஹேர்ட்ஸை ஒருபோதும் எழுப்ப முடியாது. ஆனாலும் அதில் ஒரு பாடலைப் போட்டால் பேஸ் கிற்றார் எந்தச் சுரத்தை வாசிக்கிறது என்று நம்மால் கூடவே முணுமுணுக்க முடிகிறது. ஒவ்வொரு சுரமும் தன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகளையும் சேர்த்தே எழுப்புகிறது. அடிச் சுரம் வராத போதும் அந்த மேலதிர்வுகளைக் கொண்டு மூளை அதை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. எனவே "பேஸ் சுரம் கேட்கிறது" என்பதால் பெட்டி அவ்வளவு தூரம் இறங்குகிறது என்று முடிவு செய்யக் கூடாது. அடிச் சுரம் மெய்யாகவே வரும்போது அது காதில் மட்டும் நிற்காமல் கதிரையின் கைப்பிடியிலும் தெரியும். ஒரே பாடலைத் தொலைபேசியிலும் பெட்டியிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். தொலைபேசியில் இல்லாமல் பெட்டியில் மட்டும் சேர்ந்துகொள்ளும் பகுதி எது என்பதைக் காது பழகிக்கொள்ளும்.

பதிவுக்கு முன் அறை

பலர் பதிவுகளைத் தேடுவதில் மாதக்கணக்கில் செலவிடுவார்கள்; அறையை ஒரு தடவையும் அளந்து பார்ப்பதில்லை. ஆனால் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெட்டியை விட அறையே அதிகம் பேசுகிறது.

நமது வெக்கைக்கு, 30 பாகை அளவில், ஒலி ஒரு வினாடியில் சுமார் 349 மீற்றர் செல்கிறது. அந்த எண்ணை அறையின் நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்த அறை எந்த அதிர்வில் தானாகவே வீங்கும், அதாவது எந்த ஒலியைப் பெருக்கிக் காட்டும், என்பது கிடைக்கும். என் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். 12 அடி என்பது 3.66 மீற்றர், ஆகவே நீளவாக்கில் அது 48 ஹேர்ட்ஸை ஒட்டி வீங்குகிறது. அகலவாக்கில் 57 ஹேர்ட்ஸ். இதில் என் துரதிர்ஷ்டம், கூரைத்தட்டும் 10 அடி உயரம். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57 ஹேர்ட்ஸில் இரண்டு வீக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. பேஸ் கிற்றாரின் 55 ஹேர்ட்ஸ் தந்தி அதற்கு அருகிலேயே இருக்கிறது. பெட்டியில் பழுது என்று என்னை நினைக்க வைத்த பாடல் அந்தத் தந்தியையே திரும்பத் திரும்ப மீட்டியது.

உட்காரும் இடமும் இதே கணக்குக்கு உட்பட்டது. அறையின் சரி நடுவில் கதிரையைப் போட்டால் நீளவாக்கில் எழும் அந்த முதல் அதிர்வு அங்கே ஏறக்குறைய இல்லாமலே போகும். பின்சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தால் அதே அதிர்வு மிகையாகக் கேட்கும். நடுவிலும் இல்லாமல் சுவரோடும் ஒட்டாமல், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய இடத்தில் தொடங்கிப் பாருங்கள். பெட்டியை மூலையில் தள்ளி வைத்தால் பேஸ் கூடும். அது பெட்டியின் திறமை இல்லை. யன்னல்கள் திறந்திருந்தால் தாழ்ந்த ஒலியில் ஒரு பகுதி வெளியே போய்விடும். சீமெந்துச் சுவரும் சீமெந்துத் தரையும் உள்ள நமது வீடுகளில் அது பல நேரம் நன்மையாகவே முடிகிறது. எப்போதும் எப்படிப் பாட்டுக் கேட்கிறீர்களோ, அப்படியே யன்னல்களை வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியத்துக்குப் பிறகு யன்னல் நிலைகளில் காற்று இரைவது தாழ்ந்த ஒலிகளை மறைத்துவிடும். விசிறியின் உறுமலும் அப்படியே. விடியற்காலையே நல்ல நேரம். எதையும் போடாமல், அம்ப்ளிஃபயரை மட்டும் இயக்கி, காதை வூஃபருக்கு (பெட்டியில் தாழ்ந்த ஒலியை எழுப்பும் பெரிய ஸ்பீக்கருக்கு) அருகே கொண்டுபோங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸில் ஓடுகிறது. வயரிங்கில் குறை இருந்தால் 50 அல்லது 100 ஹேர்ட்ஸில் ஓர் இரைச்சல் விடாமல் கேட்கும். அதைத் திருத்தாமல் பேஸைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

முதற் பதிவு: படியேறி இறங்கும் பேஸ்

எல்லாவற்றுக்கும் முன்பாகத் தேட வேண்டியது, ஒரே வாத்தியம் ஒரே பலத்தோடு பல தாழ்ந்த சுரங்களில் நடந்து செல்லும் ஒரு பதிவு. ஜாஸ் இசையில் டபிள் பேஸ் (நிறுத்தி வைத்து வாசிக்கும், வயலின் போன்ற பெரிய தந்தி வாத்தியம்) கலைஞர் அடிக்கு ஒரு சுரமாக ஏறி இறங்குவது இதற்கு மிகப் பொருத்தமானது. அந்தக் கலைஞர் ஏறத்தாழ ஒரே பலத்தோடு இழுக்கிறார். ஆகவே நம் அறையில் ஒரு சுரம் திடீரென்று பெருத்தும் அடுத்தது மெலிந்தும் கேட்டால், அந்த மேடும் பள்ளமும் பெட்டியாலோ அறையாலோ வந்தவை. கதிரையை ஓரடி முன்னோ பின்னோ நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். வேறு சுரம் பெருக்கத் தொடங்கினால் குற்றவாளி அறை. எங்கே உட்கார்ந்தாலும் அதே சுரம் பெருத்தால் பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

நம்மவர்களுக்கு ஜாஸ் பழக்கமில்லை என்றால், 1980களில் இளையராஜா இசையமைத்த பாடல்கள் நல்ல மாற்று. அந்தப் பாடல்களில் பேஸ் கிற்றார் தாளத்துக்குத் துணையாக ஒரே சுரத்தில் நின்றுவிடாமல், பாடலின் மெட்டுக்குக் கீழே தனக்கென ஒரு மெட்டை அமைத்துக்கொண்டு செல்லும். பல்லவி முழுவதும் பேஸின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பிடித்து நீங்கள் கூடவே பாட முடிந்தால், பெட்டி தன் வேலையைச் செய்கிறது. "தும் தும்" என்று எல்லாச் சுரமும் ஒரே சுரமாகக் கேட்டால், எவ்வளவு பெரிய வூஃபராக இருந்தாலும் அது பேஸ் வாசிக்கவில்லை, இரைகிறது. ஒரே பாடலின் பழைய வெளியீட்டுக்கும் பிற்காலத்தில் பேஸைக் கூட்டி மெருகூட்டிய வெளியீட்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கலாம் என்பதால், ஒன்றைத் தெரிந்தெடுத்தபின் அந்தக் கோப்பையே கடைசி வரை பயன்படுத்துங்கள்.

அடி விழுவதும் அடங்குவதும்

எனக்கு மிகப் பிடித்த சோதனை தோல் வாத்தியங்களில்தான் இருக்கிறது. அந்த விடயத்தில் திருகோணமலையில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கோணேசர் கோவிலிலும் பத்திரகாளி அம்மன் கோவிலிலும் தவிலை ஒலிபெருக்கி இல்லாமல் சில அடி தூரத்தில் நின்று கேட்க முடிகிறது. ஒலிபெருக்கி வழியாகக் கேட்ட தவிலை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். பூசை நேரத்தில் தவிற்காரருக்குப் பக்கவாட்டில், தவிலின் இடந்தலையான தொப்பி தெரியும் பக்கமாக நின்று கேளுங்கள். வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் எழுப்பும் ஒலி நறுக்கென்று வெடிக்கும். தொப்பியில் கழி விழும்போது ஒரு கனமான ஒலி எழுந்து, அடுத்த அடி வருவதற்குள் அடங்கி இடம் விடும். அந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தனித்தவில் பதிவொன்றைப் போடுங்கள்.

என் வீட்டுக்கு வந்த ஒரு தவிற்காரரிடம் அப்படியொரு பதிவைப் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, தொப்பி விழுந்தா ஒரு சொல்லு மாதிரி விளங்க வேணும். உதில சொல்லு கேக்கேல்ல, இழுவைதான் கேக்குது." அவர் சொன்னது மிகச் சரி. மூலையில் இருந்த பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்து வைத்தபின், அதே பதிவில் தொப்பியின் அடிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து கேட்டன. அளக்கும் கருவி எதுவும் என்னிடம் அப்போது இருக்கவில்லை. அந்த மனிதரின் காதுதான் கருவி.

மிருதங்கமும் இப்படியே பயன்படும். ரவை பூசிய தொப்பியில் இடக்கை அழுத்தி வழுக்கும்போது எழும் கும்கி, சுரம் சறுக்கி ஏறுவதை ஒரு கோடு போலக் காட்ட வேண்டும். இடையில் ஓர் இடத்தில் மட்டும் ஒலி பெருத்து வெடித்தால், அந்த இடமே உங்கள் அறை வீங்கும் இடம். ஆனால் இவ்விரண்டு வாத்தியங்களும் 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆழத்தைச் சோதிக்க உதவா என்பதை மறக்கக் கூடாது. பேஸின் வேகத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் அவை. ஆழத்துக்கு வேறு பதிவு வேண்டும்.

இன்னொன்றையும் மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலை நான் உயிராக நேசிக்கிறேன். ஆனால் அக்காலத்து நாடாப் பதிவுகள் பல கைகள் மாறிப் பிரதியெடுக்கப்பட்டு நம்மிடம் வந்தவை. அவற்றில் தொப்பியின் கனம் குறைவாகக் கேட்டால் அதற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. மனதார ரசியுங்கள், சோதனைக்கு எடுக்காதீர்கள்.

ஆழம்

ஆழத்தைச் சோதிக்க, தாழ்ந்த சுரம் ஒன்று நீண்ட நேரம் அசையாமல் நிற்கும் பதிவு வேண்டும். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1896இல் இயற்றிய 'சரத்துஸ்ரா இவ்வாறு கூறினான்' என்ற வாத்தியக்குழு இசையின் தொடக்கம் இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. எக்காளங்கள் எழுவதற்கு முன்பே ஓர்கன், டபிள் பேஸ், கொண்ட்ரபசூன் என்ற தாழ்ந்த ஊதுவாத்தியம் ஆகியவை சேர்ந்து மிகத் தாழ்ந்த ஸட்ஜம் ஒன்றைப் பிடித்து நிற்கும். அந்தச் சுரம் சுமார் 33 ஹேர்ட்ஸில் இருக்கிறது. சிறிய பெட்டியில் இந்தத் தொடக்கம் வெறும் உறுமலாகவோ, ஏறக்குறைய மௌனமாகவோ போய்விடும். எக்காளம் வந்த பிறகே இசை தொடங்கியது போலத் தோன்றும். நன்றாக இறங்கும் பெட்டியில், எக்காளத்துக்கு முன்பே அறையின் காற்று மாறிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் முன்னாலோ பின்னாலோ ஒரு துவாரம் இருக்கும். அந்தத் துவாரம் எந்த அதிர்வுக்கு அமைக்கப்பட்டதோ, அதற்குக் கீழே வூஃபரின் கூம்பைத் தாங்கிப் பிடிக்கக் காற்று இல்லாமல் போகிறது. ஒலி வெகுவாகக் குறையும், கூம்போ மேலும் மேலும் தாவும். ஒலி வரவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால் கூம்பு தன் எல்லையில் மோதி உடையக்கூடும். துவாரமுள்ள பெட்டியின் பேஸ் தன் எல்லைக்குக் கீழே, அதிர்வு பாதியாகும் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 24 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) வீதம் விழும். மூடிய பெட்டியில் அது 12 டெசிபெல் மட்டுமே. ஆழமான பதிவுகளை எப்போதும் குறைந்த சத்தத்தில் தொடங்கி, கூம்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கூட்டுங்கள். துவாரத்தில் "புஸ்" என்று காற்று இரைந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பலரும் பரிந்துரைக்கும் பீரங்கி முழங்கும் பதிவுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். டெலார்க் நிறுவனம் 1979இல் வெளியிட்ட சைக்கோவ்ஸ்கியின் '1812' பதிவு பெட்டிகளைச் சேதப்படுத்தலாம் என்ற எச்சரிக்கையோடே விற்கப்பட்டது. அதைவிட முக்கியமான காரணம், பீரங்கி பக்கத்தில் வெடித்தால் எப்படிக் கேட்கும் என்று நம்மில் எவருக்கும் சரியாகத் தெரியாது. இடிமுழக்கத்துக்கும், கோணேசர் கோவில் நிற்கும் சுவாமிமலையின் அடிவாரத்தில் மோதும் அலைக்கும் இதே குறை உண்டு. அலையை நாம் நாளும் கேட்கிறோம். ஆயினும் ஒவ்வோர் அலையும் வேறு. ஒப்பிட ஒன்றுமில்லாத ஒலியைக் கொண்டு எதையும் ஒப்பிட முடியாது.

ஆண் குரல்

பேச்சு, பேஸுக்கு எப்படிச் சோதனையாகும் என்று கேட்பார்கள். ஆணின் பேச்சுக் குரல் பெரும்பாலும் 85 முதல் 155 ஹேர்ட்ஸ் வரை அடியெடுக்கிறது. பேஸ் சற்றே மிகையானாலும் அந்தக் குரல் பீப்பாய்க்குள் இருந்து பேசுவது போலாகிவிடும். நன்கு அறிந்த ஒருவரின் குரலில், பின்னணி இசை இல்லாத வானொலிச் செய்தி வாசிப்போ உரையோ ஒரு நிமிடம் போதும். பாடல்களில் பேஸ் அருமையாக இருந்து, இந்தக் குரல் மட்டும் பருத்துக் கேட்டால், பாடல்கள் உங்களை மயக்குகின்றன.

கோப்பும் சத்தமும்

இறுவட்டு, அல்லது அதிலிருந்து சுருக்காமல் எடுத்த கோப்பு சிறந்தது. நல்ல தரத்தில் சுருக்கிய கோப்பும் பேஸ் சோதனைக்குப் போதுமானது. "பேஸ் கூட்டியது" என்று தலைப்பிலேயே சொல்லும் காணொளிகளைத் தொடவே வேண்டாம். தொலைபேசியிலும் அம்ப்ளிஃபயரிலும் உள்ள ஈக்குவலைசர், லவுட்னஸ், சரவுண்ட் ஆகிய எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள்.

சத்தத்தின் அளவு நாம் நினைப்பதைவிடப் பெரிய பொருட்டு. குறைந்த சத்தத்தில் காது தாழ்ந்த ஒலியை மற்றவற்றை விட அதிகமாக இழக்கிறது என்பதை பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே அளந்து காட்டினார்கள். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது ஒன்று சற்று உரத்து ஒலித்தாலே அதன் பேஸ் சிறந்தது போலத் தோன்றும். குரல் பகுதியைப் போட்டு, தொலைபேசியில் உள்ள சத்தமானிச் செயலியால் இரண்டையும் சமன் செய்யுங்கள். ஆனால் பேஸின் அளவையே அந்தச் செயலியால் அளக்க முயலாதீர்கள். தொலைபேசி ஒலிவாங்கிகள் பல தாழ்ந்த ஒலியைத் தாமாகவே வெட்டிவிடுகின்றன.

பதிவுகள் ஐந்தோ ஆறோ போதும். ஒவ்வொன்றிலும் முப்பது, நாற்பது வினாடிப் பகுதியை மட்டும் குறித்துக்கொண்டு, அந்தப் பகுதியையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். முழுப் பாடலையும் ஓடவிட்டால் மனம் பாடலுக்குள் போய்விடும்; எனக்கும் அது அடிக்கடி நேர்கிறது. கொப்பியில் திகதி, பெட்டிகள் இருந்த இடம், கதிரை இருந்த இடம், சத்தத்தின் எண், கேட்டது ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள்.

கடைசியாக, பெட்டியில் பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் அறையில் உள்ள பொருட்களைக் கேளுங்கள். 20 முதல் 120 ஹேர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒரு சோதனைத் தொனியை மிதமான சத்தத்தில் ஓடவிட்டால், எந்தப் பொருள் எந்த இடத்தில் நடுங்குகிறது என்பது தெரிந்துவிடும். அதை நான் முதன்முதலாகச் செய்தபோது, 60 ஹேர்ட்ஸை ஒட்டி வலப்பக்கப் பெட்டியிலிருந்து ஒரு கிறீச்சொலி வந்தது. கூம்பு கிழிந்துவிட்டது என்றே நினைத்து, பெட்டியைக் கழற்றுவதற்குத் திருகாணிச் செலுத்தியையும் எடுத்து வந்துவிட்டேன். பிறகு தொனியை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்து, அறையைச் சுற்றி ஒவ்வொரு பொருளாகக் கையால் தொட்டுக்கொண்டு போனேன். யன்னல் கண்ணாடி, சுவர்ப்படம், விசிறியின் வலை என எதைத் தொட்டும் ஒலி நிற்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் இருந்த இரும்பு அலுமாரியின் கதவில் தொங்கிக்கொண்டிருந்த சாவியை இரண்டு விரலால் பிடித்தவுடன் அது நின்றது. சோதனை நாட்களில் அந்தச் சாவி இப்போது மேசை லாச்சிக்குள் ஒரு துணியில் சுற்றிக் கிடக்கிறது.